வாடிய ஆர்க்கிட்டை மீட்பது எப்படி? மதுரை வெயிலுக்கும் உப்புத் தண்ணீருக்கும் ஏற்ற முழு வழிகாட்டி

"தெனமும் தண்ணி ஊத்துறேண்ணே, அப்பயும் இலை தொங்கிக்கிட்டேதான் இருக்கு. என்னண்டு தெரியல." எதிர் வீட்டுத் தங்கச்சி ஒருநாள் தொட்டியோடு வந்து நின்று சொன்னது இது. வெளியில் அழகான பீங்கான் தொட்டி, உள்ளே மெல்லிய பிளாஸ்டிக் தொட்டி. பிளாஸ்டிக்கைத் தூக்கினால் பீங்கானின் அடியில் இரண்டு விரல் உயரத்துக்குத் தண்ணீர். வேர்கள் அதில் ஊறிக் கூழாகியிருந்தன. அந்தச் செடி தண்ணீர் கேட்டு வாடவில்லை, தண்ணீரை உறிஞ்ச வேர் இல்லாமல் வாடியது.

வாடிய ஆர்க்கிட்டோடு என்னிடம் வருகிறவர்களில் பெரும்பாலோர் இதையேதான் செய்திருக்கிறார்கள். இலை தொங்கியதும் தண்ணீர், அப்புறம் உரம், அப்புறம் வெயிலில் வைப்பது. வரிசை தலைகீழ். முதலில் வேரைப் பார்க்க வேண்டும். அழுகியதை வெட்டி, காயவைத்து, காற்றோட்டமாக நட்டு, அதற்குப் பிறகுதான் தண்ணீர். உரம் எல்லாவற்றுக்கும் கடைசி.

இங்கே சொல்வது நம் வீடுகளில் அதிகம் இருக்கும் இரண்டு வகைகளுக்கு. ஒன்று ஃபலனாப்சிஸ்: தடித்த அகல இலைகள் அடியிலிருந்தே விரியும், வண்ணத்துப்பூச்சி போன்ற பூ. மற்றது டென்ட்ரோபியம்: சின்னக் கரும்பு போலக் கணுக்கணுவாகத் தண்டு எழும்பும்.

1. செடி உண்மையிலேயே நலிந்திருக்கிறதா?

பூ உதிர்வது நோய் இல்லை. ஃபலனாப்சிஸ் பூ இரண்டு மூன்று மாதம் நின்று உதிரும், அது இயல்பு. அடியில் உள்ள ஒரே ஒரு பழைய இலை மஞ்சளாகி விழுவதும் அப்படித்தான். டென்ட்ரோபியத்தின் பழைய தண்டு இலையெல்லாம் கொட்டி மொட்டையாக நிற்கும். "காய்ஞ்சு போச்சு" என்று அதை வெட்டிவிடாதீர்கள். தண்டு கெட்டியாகவும் பச்சையாகவும் இருந்தால் அது புதுக்குருத்துக்கான தண்ணீரையும் சத்தையும் சேமித்து வைத்திருக்கும் கிடங்கு.

கவலைப்பட வேண்டிய அறிகுறிகள்: எல்லா இலையும் துவண்டு சுருங்குவது, நடுக்குருத்து கறுப்பது, தொட்டியிலிருந்து அழுகல் வாடை, செடியைத் தொட்டாலே ஆட்டம் காண்பது.

இன்னொன்றையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஃபலனாப்சிஸின் தடித்த இலையே ஒரு தண்ணீர்த் தொட்டி. வேர் செத்த பிறகும் அந்தச் சேமிப்பை வைத்து இலை சில வாரம் நிமிர்ந்து நிற்கும். இலை வாடும்போது உள்ளே பாதிப்பு பழசாகியிருக்கும். அதனால்தான் மேலே பார்த்து முடிவெடுக்க வேண்டாம் என்கிறேன்.

2. தொட்டியைத் தொடுமுன் எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள்

பாதியில் கரி தேடி ஓடினால் வெறும் வேரோடு செடி கிடக்கும். சித்திரை வெயில் நேராகப் பட்டால் அரை மணி நேரம்கூட அதற்கு அதிகம்.

மரக்கரி: இஸ்திரி வண்டிக்காரரிடம் கேட்டால் கிடைக்கும். பெருவிரல் நக அளவிலிருந்து ஓர் அங்குலம் வரை உடைத்து, தூள் போகக் கழுவி, ஒரு நாள் தண்ணீரில் போடுங்கள். பார்பிக்யூவுக்கு விற்கும் அச்சுக்கரி வேண்டாம், அதில் ஒட்டுப்பொருள் கலந்திருக்கும்.

தேங்காய் மட்டை: சோழவந்தான் பக்கம் தோப்பு வைத்திருக்கும் சொந்தக்காரர் யாராவது இருந்தால் ஒரு சாக்கே கிடைக்கும். ஓர் அங்குலத் துண்டுகளாக வெட்டி, நான்கைந்து நாள் ஊறவைத்து, தினமும் தண்ணீரை மாற்றுங்கள். தேநீர் நிறச் சாறு இறங்கி, தண்ணீர் ஏறக்குறையத் தெளிந்த பிறகே பயன்படுத்தலாம். அந்தச் சாறும் மட்டையில் இருக்கும் உப்பும் புது வேர் நுனியைக் கருக்கிவிடும். நிறையப் பேர் விடுகிற படி இது.

பழைய நாட்டுச் செங்கல் துண்டுகள்: அடியில் போட.

தொட்டி: ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் டப்பா போதும். சூடான கம்பியால் அடியிலும் பக்கத்திலும் பத்துப் பன்னிரண்டு துளை போடுங்கள். மானாமதுரை மண் தொட்டி பார்க்க அழகு, குளிர்ச்சியும்கூட. ஆனால் நலிந்த செடிக்கு முதல் ஆறு மாதம் நான் பிளாஸ்டிக்தான் வைப்பேன். வேரைத் தோண்டாமலேயே பார்க்கலாம், மண் தொட்டி போல உப்பையும் உறிஞ்சி வைக்காது.

மற்றவை: கூர்மையான கத்தரி, சர்ஜிக்கல் ஸ்பிரிட், பஞ்சு, பட்டைத்தூள் (சமையலுக்குப் போடும் பட்டையைப் பொடித்தது), ஒரு குச்சி, கட்டுவதற்கு வாழைநார்.

செம்மண், மணல், மாட்டுச்சாணம், தேங்காய் நார்த்தூள் எதுவும் பக்கத்தில் வரவே கூடாது. இந்த இரண்டு வகையும் மரத்தில் ஒட்டி வளர்பவை, அவற்றின் வேருக்குக் காற்று வேண்டும். ரோஜாவுக்குக் கலக்கும் மண்ணில் நட்டால் சில வாரத்தில் வேர் மூச்சுமுட்டி அழுகும்.

3. வெளியே எடுத்துக் கழுவுதல்

தொட்டியைப் பக்கவாட்டில் அமுக்கித் தளர்த்தி, செடியை அடிப்பகுதியில் பிடித்து மெல்ல உருவுங்கள். ஒட்டிக்கொண்ட வேரைப் பிய்க்காதீர்கள். அரை மணி நேரம் தண்ணீரில் வைத்தால் தானே விடும்.

கடையில் வாங்கிய செடியாக இருந்தால் வேர்க்கொத்தின் நடுவில் விரலை விட்டுப் பாருங்கள். நாற்றாக இருந்தபோது வைத்த பாசி உருண்டை பெரும்பாலும் அங்கே இறுகிக் கிடக்கும். வெளியே காய்ந்திருந்தாலும் நடுவில் அது ஈரமாகவே இருக்கும், அழுகல் தொடங்குவதும் அங்கேதான். கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்து முழுவதும் எடுத்துவிடுங்கள். பொறுமையாகச் செய்தால் இருபது நிமிடம் ஆகும்.

4. வேரை நிறம் பார்த்து வெட்டாதீர்கள், அமுக்கிப் பாருங்கள்

ஆர்க்கிட் வேரின் மேலே பஞ்சு போன்ற வெள்ளைப் போர்வை ஒன்று உண்டு. காய்ந்தால் வெள்ளி நிறம், நனைந்தால் பச்சை. தொட்டிக்குள் வெளிச்சம் படாத வேர் மஞ்சளாகவோ பழுப்பாகவோ இருக்கும், மட்டைச்சாறு பட்டும் நிறம் மாறும். "பழுப்பா இருந்துச்சு, வெட்டிட்டேன்" என்று நல்ல வேரையும் கழித்துவிட்டு வந்தவர்கள் உண்டு.

ஒவ்வொரு வேரையும் இரண்டு விரலுக்கு நடுவே வைத்து அமுக்குங்கள். முருங்கைப் பிஞ்சு போலக் கெட்டியாக இருந்தால் உயிருள்ளது, எந்த நிறமானாலும் விடுங்கள். கொழகொழவென்று தண்ணீர் கசிந்தாலோ, காலியாகத் தட்டையானாலோ செத்தது. சந்தேகம் வந்தால் மெதுவாக இழுங்கள். செத்த வேரின் மேல்தோல் உறைபோல உருவிக்கொண்டு வரும், உள்ளே நூல் மாதிரி ஒரு நரம்பு மட்டும் மிஞ்சும்.

கத்தரியை ஸ்பிரிட்டில் துடைத்த பிறகே வெட்டுங்கள். அடுத்த செடிக்குப் போகும்போது மறுபடியும் துடையுங்கள், இல்லாவிட்டால் அழுகலும் வைரஸும் கத்தரி வழியே பரவும். பாதி வேர் நன்றாக இருந்தால் அழுகிய இடத்துக்கு அரை அங்குலம் மேலே, கெட்டியான பகுதியில் வெட்ட வேண்டும். நல்ல வேரே இரண்டு மூன்றுதான் என்றால், அந்த நூல் நரம்புகள் நாலைந்தை வெட்டாமல் விடுங்கள். தண்ணீர் உறிஞ்சாது, ஆனால் புதுத் தொட்டியில் செடி ஆடாமல் நிற்க நங்கூரம் போல உதவும்.

வெட்டுவாயில் பட்டைத்தூளை ஒற்றலாம். வெட்டுவாயில் மட்டும். நான் தொடக்கத்தில் "கூடப் போட்டால் கூட நல்லது" என்று ஒரு டென்ட்ரோபியத்தின் வேர் முழுக்கத் தூவினேன். பட்டைத்தூள் ஈரத்தை இழுத்துவிடும், நல்ல வேரும் நான்கு நாளில் சுக்காகக் காய்ந்தது. அந்தச் செடி மீள ஒன்றரை வருடம் ஆனது.

அழுகல் தண்டின் அடிவரை வந்திருந்தால், உரக்கடையில் கிடைக்கும் கார்பன்டாசிமும் மேங்கோசெப்பும் கலந்த பொடியை 1 லிட்டருக்கு 2 கிராம் கரைத்துப் பத்து நிமிடம் முக்கி எடுங்கள். கையுறை கட்டாயம். பிள்ளைகள் புழங்கும் இடத்தில், சமையல் பாத்திரத்தில் கரைக்க வேண்டாம்.

5. குருத்தையும் இலையடியையும் பாருங்கள்

ஃபலனாப்சிஸுக்கு வளரும் முனை ஒன்றே ஒன்றுதான். அங்கே தண்ணீர் தேங்கினால் குருத்து அழுகும். நடு இலையை லேசாகத் தொட்டதும் கையோடு வந்துவிட்டால் அழுகல் தொடங்கிவிட்டது. டிஷ்யூவைத் திரியாக முறுக்கி ஈரத்தை ஒற்றி எடுத்து, காற்றில் வையுங்கள். முனை போனாலும் தூக்கி எறிய வேண்டாம், சில நேரம் அடியிலிருந்து பக்கக்குட்டி வரும்.

இலையடியில் வெள்ளைப் பஞ்சு போல ஒட்டியிருந்தால் மாவுப்பூச்சி. டென்ட்ரோபியத்தில் தண்டைச் சுற்றிய காய்ந்த உறைக்குள் ஒளிந்திருக்கும், உறையை உரித்தால்தான் தெரியும். செடிமேல் எறும்பு சாரையாக ஏறினால் பூச்சி உண்டென்று முடிவே செய்துவிடலாம். ஸ்பிரிட் நனைத்த பஞ்சால் துடையுங்கள். பிறகு 1 லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்பெண்ணெயும் கொஞ்சம் திரவ சோப்பும் கலந்து, வெயில் இறங்கிய பின் வாரம் ஒருமுறை மூன்று வாரம் தெளிக்க வேண்டும். ஒருமுறையோடு நிறுத்தினால் முட்டையிலிருந்து வெளிவருபவை தப்பிவிடும்.

வெயிலில் கருகிய இலையை என்ன செய்வது என்று கேட்பார்கள். ஒன்றும் செய்ய வேண்டாம். வெளுத்துக் காய்ந்த அந்தத் திட்டு பரவாது, மிச்ச இலை செடிக்குச் சோறு போட்டுக்கொண்டிருக்கிறது.

6. காயவைத்தல்

வெட்டிய உடனே நடுவதுதான் அவசரக்காரர்கள் செய்யும் தவறு. வெட்டுவாய் உலர்ந்து மூடாமல் ஈரக்கரியில் போனால் அழுகல் அதே வழியில் மறுபடி ஏறும். நிழலில், காற்று வரும் இடத்தில் செடியைக் கவிழ்த்து வையுங்கள். பங்குனி முதல் வைகாசி வரை நான்கைந்து மணி நேரம் போதும், அதற்குமேல் நம் காற்று நல்ல வேரையும் சுருக்கும். ஐப்பசி, கார்த்திகை மழைநாளில் ஒரு நாள் முழுக்க வைக்கலாம்.

7. நடுதல்

தொட்டி சின்னதாக இருக்கட்டும். வேர் அடங்கி ஒரு விரல் இடம் மிஞ்சினால் போதும். "பெரிசா வச்சா நல்லா வளரும்" என்ற கணக்கு இங்கே செல்லாது. வேர் எட்டாத நடுப்பகுதி காயாமல் கிடந்து மீண்டும் அழுகும்.

அடியில் செங்கல், அதன் மேல் கரியும் மட்டைத்துண்டும் சரிபாதி. மாடியில் காற்றில் இருக்கும் செடிக்கு மட்டை கொஞ்சம் கூடலாம். வீட்டுக்குள், காற்று குறைவான இடத்துக்குக் கரி கூடட்டும். செடியைப் பிடித்துக்கொண்டே சுற்றிலும் துண்டுகளை இறக்கி, தொட்டியை மெல்லத் தட்டிச் சமன் செய்யுங்கள், கட்டை விரலால் இடிக்காதீர்கள். இலை தொடங்கும் இடம் கலவைக்கு மேலே தெரிய வேண்டும், புதைந்தால் தண்டு அழுகும்.

பிறகு குச்சி ஊன்றி வாழைநாரால் தளர்வாகக் கட்டுங்கள். இதை அலங்காரமென்று நினைத்து விட்டுவிடுகிறார்கள். புது வேர் நுனி அரிசிமணி அளவில் வெளிவரும், செடி ஆடினால் கரியில் உரசி அது தேய்ந்துபோகும். ஆடிக்காற்றில் கட்டாமல் விட்ட செடி மாதக்கணக்கில் வேர் பிடிக்காமல் நிற்பதைப் பார்த்திருக்கிறேன்.

8. வேரே இல்லாவிட்டால்

ஒரு வேர்கூடத் தேறவில்லை, இலை மட்டும் பாக்கி. வாய்ப்பு குறைவுதான், ஆனாலும் முயலலாம். தண்ணீரில் நனைத்து நன்றாகப் பிழிந்த ஸ்பேக்னம் பாசியை (ஈரத்தைப் பிடித்து வைக்கும் ஒருவகைப் பாசி) டப்பாவின் அடியில் பரப்பி, அதைத் தொடாமல் சற்று மேலே செடி நிற்குமாறு குச்சியில் கட்டுங்கள். ஒளி ஊடுருவும் பாலித்தீன் பையை மேலே கவிழ்த்து, இரண்டு மூன்று துளை போட்டு, பளிச்சென்ற நிழலில் வையுங்கள். ஈரக்காற்றில் இலை இழக்கும் தண்ணீர் குறையும். அந்த இடைவெளியில்தான் செடி தன் சேமிப்பை வைத்து வேர் விடப் பார்க்கும்.

வெயில் ஒரு கீற்றுக்கூடப் பட வேண்டாம், பைக்குள் வெந்துவிடும். தினமும் காலையில் பத்து நிமிடம் பையைத் திறந்து காற்று மாற்றுங்கள். ஒன்றிலிருந்து மூன்று மாதம் வரை ஆகலாம்.

சர்க்கரைத் தண்ணீர், நீராகாரம், முட்டை ஓடு, பால் என்று சொல்லப்படுபவை எதையும் ஊற்றாதீர்கள். புளித்துப் பூஞ்சையும் கொசு போன்ற சிறு ஈயும் வருவதுதான் மிச்சம்.

9. எங்கே வைப்பது

கிழக்கு ஜன்னல் சிறந்தது. காலை எட்டரை வரை படும் இளவெயில் நல்லது, அதற்குப் பிறகு நிழல். மேற்கு ஜன்னல் நம் ஊரில் ஆகவே ஆகாது. மாடியானால் ஃபலனாப்சிஸுக்கு 75 சதவீத நிழல்வலை, டென்ட்ரோபியத்துக்கு 50 சதவீதம். உச்சிவேளையில் இலையைத் தொட்டுப் பாருங்கள். கைக்குச் சூடாகத் தெரிந்தால் வெளிச்சம் அதிகம். இலை கரும்பச்சையாக இருந்தால் வெளிச்சம் போதவில்லை.

கைப்பிடிச் சுவர் ஓரத்தில் தொங்கவிடாதீர்கள். பகல் முழுக்க வாங்கிய சூட்டைச் சுவர் இரவெல்லாம் கக்கும். இந்தச் செடிகள் இலைத்துளையைப் பெரும்பாலும் இரவில்தான் திறந்து மூச்சு வாங்குகின்றன. இரவுக் காற்று சூடாகவும் வறண்டும் இருந்தால் அப்போதும் தண்ணீரை இழக்கும். அகலத் தட்டில் கூழாங்கல்லும் தண்ணீரும் வைத்து, தண்ணீர் படாமல் மேலே தொட்டியை வைத்தால் சுற்றிலும் கொஞ்சம் ஈரம் நிற்கும்.

10. தண்ணீர்: மதுரையில் பாதிச் செடி தோற்பது இங்கேதான்

நட்ட பிறகு இரண்டு நாள் ஊற்றாதீர்கள். மூன்றாம் நாள் காலையில் முதல் தண்ணீர்.

எந்தத் தண்ணீர் என்பதுதான் கேள்வி. எங்கள் தெரு போர் தண்ணீர் டிடிஎஸ் மீட்டரில் (தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பின் அளவைக் காட்டும் கருவி) 1200-ஐத் தாண்டுகிறது. ஆர்க்கிட்டுக்கு 200-க்குள் இருந்தால் நிம்மதி. உப்புத் தண்ணீர் ஊற்ற ஊற்ற கரியின் மேல் வெள்ளையாகப் பூக்கும், வேர் நுனி கறுத்து நிற்கும். வேர் தண்ணீரை உறிஞ்சுவதற்குப் பதிலாக உப்பு வேரிலிருந்து தண்ணீரை இழுக்கும். செடி வாடும், நாம் இன்னும் ஊற்றுவோம். கொடைக்கானலில் வாங்கி வந்த செடி மதுரையில் மூன்று மாதத்தில் போய்விட்டது என்பவர்கள் வெயிலைத்தான் குறை சொல்வார்கள். 2,100 மீட்டர் உயரத்துக் குளிரிலிருந்து இறங்கிய செடிக்கு வெயில் கடுமைதான், மறுக்கவில்லை. ஆனால் நிழலில் வைத்தும் போனதென்றால் தண்ணீரைச் சந்தேகப்படுங்கள்.

மழைநீர்தான் முதல் தேர்வு. முதல் மழையை ஓடவிட்டு, அடுத்ததை மாடிக் குழாயிலிருந்து டிரம்மில் பிடியுங்கள். ஐப்பசி மழையில் 200 லிட்டர் பிடித்தால் நாலைந்து செடிக்குப் பல மாதம் வரும். கொசு முட்டையிடாமல் இருக்கத் துணியால் இறுக்கிக் கட்ட வேண்டும். அடுத்தது ஆர்ஓ தண்ணீர். இயந்திரம் கழிவாக வெளியே விடுவதை அல்ல, அதில்தான் உப்பெல்லாம் சேர்ந்திருக்கும். குழாயில் வைகைத் தண்ணீர் வருகிற வீடானால் ஓர் இரவு திறந்து வைத்த பின் ஊற்றலாம். போர் தண்ணீரோடு கலந்து வருகிறதா என்று மீட்டரில் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஊற்றும் முறை: காலையில், அடித் துளை வழியே ஓடும்படி இரண்டு முறை. அல்லது பத்து நிமிடம் வாளியில் தொட்டியை வைத்து எடுங்கள். ஒரே வாளித் தண்ணீரில் பல செடியை முக்காதீர்கள், ஒன்றின் நோய் எல்லாவற்றுக்கும் போகும். குருத்தில் தங்கிய நீரை ஒற்றி எடுங்கள். மாலையில் வேண்டாம், இரவெல்லாம் குருத்து ஈரமாக நிற்கும்.

எத்தனை நாளுக்கு ஒருமுறை? வெளிநாட்டு வீடியோக்களில் வாரம் ஒருமுறை என்பார்கள். அவர்கள் வீடு வேறு, நம் வீடு வேறு. கத்திரி வெயிலில் கரித்தொட்டிக்கு ஒருநாள் விட்டு ஒருநாள், சில மாடிகளில் தினமும்கூட வேண்டியிருக்கும். கார்த்திகையில் ஐந்தாறு நாளும் தாங்கும். நாள்காட்டியை விட்டுவிட்டு டப்பாவின் பக்கவாட்டில் பாருங்கள். வேர் பச்சையாக இருந்தால் பொறுங்கள். வெள்ளி நிறமாகி, டப்பாவின் உட்சுவரில் நீர்த்துளி இல்லாமலிருந்தால் ஊற்றுங்கள். மாதம் ஒருமுறை மழைநீரை அதிகமாக விட்டு உப்பை அலசிவிடுங்கள்.

11. காத்திருத்தலும் உரமும்

சுருங்கிய பழைய இலை முழுதாக நிமிராது. அதைப் பார்த்து மனம் தளர வேண்டாம். பார்க்க வேண்டியது வேர் நுனி. பளபளவென்று இளம்பச்சையாகவோ செம்பழுப்பாகவோ ஒரு முனை தெரிந்தால் செடி பிழைத்துவிட்டது. பெரும்பாலும் மூன்று முதல் ஆறு வாரம் ஆகும். புது இலைக்கு இன்னும் இரண்டு மூன்று மாதம். இடையில் "என்ன ஆச்சு" என்று பிடுங்கிப் பார்ப்பது இதுவரை செய்த வேலை எல்லாவற்றையும் வீணாக்கும்.

புது வேர் ஓர் அங்குலம் ஆன பிறகுதான் உரம். உறிஞ்ச வேரில்லாதபோது போட்ட உரம் வெறும் உப்பு. 19:19:19 பொடியை (தழை, மணி, சாம்பல் சத்து மூன்றும் சம அளவில் உள்ள உரம்) 1 லிட்டருக்கு அரை கிராம், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை. முதலில் வெறும் தண்ணீரால் வேரை நனைத்து, பிறகு உரநீர். பாக்கெட்டில் மற்றப் பயிர்களுக்குச் சொல்லியிருக்கும் அளவு இதற்குப் பல மடங்கு அதிகம்.

12. முதல் பூத்தண்டு வந்தால்

மதுரையில் ஃபலனாப்சிஸ் பூக்கத் தயங்கும். பூத்தண்டு எழ அதற்குச் சில வாரம் தொடர்ந்து குளிர்ச்சி வேண்டும். பகலிலும் 28 டிகிரிக்கு மேல் போகாமல் இருந்தால் நல்லது. நமக்கு அதற்கு நெருக்கமாக வருவது மார்கழியும் தையும் மட்டும்தான். அந்த நாட்களில் இரவில் ஜன்னலைத் திறந்து வைத்துப் பாருங்கள். இந்த ஊருக்குப் புதிதாக ஒன்று வாங்கப்போகிறவர்களுக்கு டென்ட்ரோபியத்தையே சொல்வேன், நம் வெயிலோடு அது ஒத்துப்போகும்.

இலையடியிலிருந்து ஏதாவது முளைத்தால் வேரா பூத்தண்டா என்று குழம்பும். நுனி உருண்டு பளபளத்தால் வேர். தட்டையாக, ஒரு பக்கம் சற்றுக் கூராக, மூடிய கைபோல இருந்தால் பூத்தண்டு.

மீட்ட செடியில் ஒரு வருடத்துக்குள் பூத்தண்டு வந்தால், நல்ல வேர் நாலைந்தும் புது இலை இரண்டும் சேர்ந்திருக்கிறதா என்று எண்ணுங்கள். இல்லையென்றால் அந்தத் தண்டை இரண்டு விரல் நீளம் இருக்கும்போதே ஸ்பிரிட்டில் துடைத்த கத்தரியால் அடியோடு நறுக்கிவிடுங்கள். மனசு வராது, தெரியும். அந்தத் தங்கச்சியும் இரண்டு நாள் யோசித்துவிட்டுத்தான் வெட்டினாள். அடுத்த தை மாதம் அதே செடி பதினொரு பூ பூத்தது.